குச்சியை மாற்றி நட்டவன்

ராத்திரி பத்தேகால் மணி. மார்கழி மாதம். அணைக்கரைக்குக் கிழக்கே கொள்ளிடக் கரைமேல் போகிற ஒற்றைச் சாலை. இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் ஆறு. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது, குரைப்பதற்கு ஒரு நாய்கூடக் கிடையாது. அந்தச் சாலையில் ஓர் ஆள் பழைய மொபெட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்...

ஆள் பெயர் ரெமிஜியஸ். கீழ்வேளூர்க்காரன். என் சிநேகிதன் வேதநாயகத்தின் தங்கை லின்சியைக் கட்டியவன். வேதநாயகம் இதை என்னிடம் மாதாமேல் ஆணையாகச் சொன்னான். சீட்டாட்டத்தில் அவன் வாயைத் திறந்தால் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் கையில் இருந்த டீ அப்படியே ஆறிப்போனது. கனிமொழி, உனக்குப் பயமில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். கேட்டுக்கொண்டோம், தாயே. என் போர்வையை மட்டும் விடு. யாராவது அந்தச் சார்ஜ் லைட்டைத் தணித்து வையுங்கள். அணைக்க வேண்டாம்... தணித்தால் போதும்.

அவனும் நம்மைப் போலச் சீசன் ஆள்தான். டிசம்பர் கடைசியில் கேம்ப் திறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். ஏப்ரல்வரை டென்டிலேயே படுக்கை, ஆற்றிலேயே குளியல். கெஸ்டுகளுக்கு டென்ட் அடிக்க வேண்டும், பரிசல் தள்ள வேண்டும், ராத்திரியில் முறைபோட்டுக் காவல் பார்க்க வேண்டும். அவன் வேலை பார்த்தது இந்தக் கேம்ப் இல்லை. இதற்கும் கிழக்கே இன்னொன்று இருக்கிறது. சுற்றிலும் கருவேலமுள்தான்.

அது அவனுக்கு இரண்டாவது சீசன். கரை வளைகிற இடத்தில் வண்டி வெளிச்சம் திரும்பியது. சாலைக்கு நடுவில்... ஒரு குச்சி.

முழங்கால் உயர மூங்கில் குச்சி. உச்சியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தார்ச்சாலையில் குச்சி எப்படி நிற்கும்? கடப்பாறை போட்டாலும் இறங்காத சாலை அது. ஆனால் நின்றது, செருகிவைத்த ஊதுபத்தி மாதிரி நேராக. பத்து நாளாகச் சொட்டு மழை இல்லை. குச்சிக்கு இந்தப் பக்கம் சாலையெல்லாம் புழுதி. அந்தப் பக்கம் முழுக்க ஈரம். எங்கிருந்தோ தண்ணீர் வந்து குச்சிவரைக்கும் நின்றுவிட்டுப் போனது போல ஒரு கோடு. புதுவெள்ளத்தில் அடிக்குமே, சேறும் அழுகின தழையும் கலந்த வாடை... அந்த வாடை அடித்தது.

வண்டியை அணைத்தான். ஆறு கீழே எங்கோ கிடந்தது. ஆனால் காலடியில் சத்தம் கேட்டது. சளக்... சளக்... தண்ணீர் கரையை நக்குகிற சத்தம்.

அந்த மார்கழிப் பனியில் அவனுக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. வந்த வழியே வண்டியைத் திருப்பியிருக்கலாம். படுபாவி, திருப்பவில்லை. குச்சியைச் சுற்றி ஓரமாக உருட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தான். இத்தனைக்கும் அந்தக் குச்சி யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது நான் ஒரு வருஷம் பின்னால் போகிறேன். கவனமாகக் கேளுங்கள், நடுவில் கேள்வி கேட்கிறவர்களுக்கு நாளைக்கு நெய்ச்சோறு கிடையாது.

முதல் சீசன், பொங்கல் லீவு. படுகை மேட்டில் பன்னிரண்டு டென்ட், எல்லாவற்றிலும் கெஸ்டுகள். குழந்தைகளும் பெரியவர்களுமாக முப்பது பேருக்கு மேல். படுகைக்குக் கீழே மணல். மணலில் ஒரு பள்ளம், பள்ளத்தைத் தாண்டி ஒரு திட்டு. பரிசல்கள் அந்தத் திட்டில் கட்டிக் கிடக்கும். அந்த வருஷம் தை பிறந்தும் மழை விடவில்லை. மேலே மழை கொட்டி, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடுவதாக மத்தியானமே மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். மேனேஜர் நெடுமாறன் காவலுக்கு இரண்டு பேரைப் போட்டார். ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை ரெமிஜியஸ். ஒன்றிலிருந்து விடியும்வரை சாமிதுரை.

சாமிதுரை குடவாசல் பக்கத்து ஆள். ஐம்பது வயது இருக்கும். நாற்று விட்டு, நடவு பார்த்து, அறுப்புவரைக்கும் வயலிலேயே கிடந்து வளர்ந்தவர், அதனால் தண்ணீர் அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி. பொழுது சாய்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நடுவார். கேம்ப்பில் அதற்குப் பெயர் தண்ணிக்குச்சி. காவல் இருக்கிறவன் அரைமணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குச்சியைத் தாண்டி எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதுதான் கணக்கு. பத்தடி ஏறினால் பள்ளம் நிறைந்துவிடும், திட்டுக்குப் போனவன் திரும்ப முடியாது. இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. விடியும்வரை குச்சியை யாரும் தொடக் கூடாது.

ரெமிஜியஸ் தூங்கிவிட்டான்.

கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கம். பத்து மணிக்குக் கண்ணை மூடியவன் முழித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. டார்ச் அடித்தான். குச்சி கரையில் இல்லை. தண்ணீருக்குள்ளே நின்றது, ஆறடி உள்ளே.

உடனே எல்லாரையும் எழுப்ப வேண்டியவன். ஆனால் போன வாரம்தான் மேனேஜர் சொல்லியிருந்தார். "இன்னொரு தடவ டூட்டில தூங்குனேன்னு வையி, விடிஞ்சா பெட்டியத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்." லின்சிக்கு அப்போது ஐந்து மாதம். இந்த வேலையும் போனால் என்ன செய்வது? நின்று யோசித்தான். ஏறின தண்ணீர் ஏறிவிட்டது, இனிமேல் ஏறாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தண்ணீரில் இறங்கினான். குச்சியைப் பிடுங்கினான். புது விளிம்பில் கொண்டுவந்து நட்டான். சுற்றி மணலைக் காலால் தட்டிச் சரிசெய்தான். அதைக்கூட மறக்கவில்லை பாருங்கள்!

பிறகு போய்ச் சாமிதுரையை எழுப்பினான்.

"ஏறுச்சா தம்பி?"

"ஒண்ணும் ஏறலண்ணே. பொழுது சாய நட்ட எடத்துலயேதான் நிக்கிது."

சாமிதுரை டார்ச் அடித்தார். குச்சி சரியாக விளிம்பில் நின்றது. "சரி, நீ போயிப் படு. கண்ணெல்லாம் செவந்துருக்கு பாரு, பாவம்" என்றார். அவனுடைய போர்வை ஈரமாக இருக்கிறது என்று தன் போர்வையைக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு மணிக்குப் பார்த்தபோது குச்சியைத் தாண்டி மூன்றடி. சாமிதுரையின் கணக்குப்படி இன்னும் ஏழடி மிச்சம். பரிசல்களை இழுத்துவரத் தாராளமாக நேரமிருக்கிறது என்று பள்ளத்தைத் தாண்டித் திட்டுக்குப் போனார். நிஜத்தில் மிச்சம் இருந்தது ஓரடி. முதல் பரிசலின் கயிற்றை அவிழ்ப்பதற்குள் பின்னால் பள்ளம் நிறைந்துவிட்டது. பரிசல் போட்டால் கவிழ்த்துவிடுகிற இழுப்பு...

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நீந்திப் பார்க்கவில்லை. திட்டில் நின்று விசில் ஊதினார். விடாமல் ஊதினார். அந்தச் சத்தத்தில்தான் கெஸ்டுகள் முழித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினார்கள். கால் மணி நேரம் விசில் கேட்டது. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கரகரப்பு. அப்புறம் அதுவும் இல்லை. ரெமிஜியஸ் கரைமேல் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டான்.

இரண்டு நாள் கழித்து நாணல் புதரில் உடம்பு கிடைத்தது. மேனேஜருக்கு ஒன்று புரியவில்லை. "தண்ணியப் பத்தித் தெரிஞ்ச ஆளு. ஏன்யா திட்டுக்குப் போனாரு?" என்று ரெமிஜியஸிடம் கேட்டார். எதையாவது சொல்ல வேண்டுமே. "நான் எழுப்புறப்பவே ஆளு சரியில்ல சார்" என்று விட்டான். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் சாமிதுரை குடித்துவிட்டுச் செத்தவர் ஆகிவிட்டார்.

பீடிகூடத் தொடாத மனிதர்! எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு... சரி, கதையைச் சொல்கிறேன்.

அவர் மனைவி அம்சம் ஆற்றங்கரைக்கு வந்தாள். அழவில்லை. ஊர்க்காரர்கள் காதோடு காதாக என்னவோ பேசுவது அவள் காதில் விழுந்திருக்கிறது. நேராக ரெமிஜியஸிடம் வந்தாள்.

"நீதானே தம்பி அவர கடைசியாப் பாத்தது?"

"ஆமாக்கா."

"எம் முகத்தப் பாத்துச் சொல்லு. அவரு மேல வாட அடிச்சுதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் காலில் விழுந்திருக்கலாம். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள்.

"லேசா... அடிச்சுதுக்கா" என்றான்.

அம்சம் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரில் பாதிப் பேர் வரவில்லையாம். வந்த பாதிப் பேரும் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் அதைத்தான் பேசினார்களாம். எதிர்த்த வீட்டில் பேசினார்களே என்று அம்சம் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. கூட வேலை பார்த்தவனே சொல்லியிருக்கிறானே!

இப்போது தெரிகிறதா, சாலையில் நின்றது யார் குச்சி என்று?

கேம்ப்புக்கு வந்த இரண்டாம் ராத்திரி ரெமிஜியஸுக்கு ஒரு மணிக்கு முழிப்பு வந்தது. வாடை... சேற்று வாடை. டென்டின் ஜிப்பைத் திறந்தான். வாசலில் குச்சி நின்றது. அதுவரைக்கும் தரை ஈரம். ஆறு அங்கிருந்து இருநூறு அடி கீழே.

"எவன்டா வெளாடுறது?" என்று கத்தினான். பக்கத்து டென்ட் ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஈரம் தெரிந்தது, குச்சி தெரியவில்லை. தண்ணீர்க் கேன் கவிழ்ந்திருக்கும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விட்டார்கள்.

நான்காம் ராத்திரி குச்சி டென்டுக்குள்ளே, அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றது. கட்டிலுக்குக் கீழே சளக்... சளக்... அவன் காலை மடக்கிக்கொண்டு விடியும்வரை கட்டில்மேல் குந்தியிருந்தான். விடிந்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவன், கீழ்வேளூர் போய்த்தான் நிறுத்தினான். எண்பது கிலோமீட்டர். ஆறு அங்கேவரை வராது என்று நினைத்தான்.

வீட்டில் லின்சியும் எட்டு மாதப் பெண்குழந்தையும். நடு அறை உத்தரத்துக் கொக்கியில் தூளி கட்டி, அதில்தான் குழந்தை தூங்கும். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினான், லின்சிக்கு மீன் அலசிக் கொடுத்தான், சிரிக்கக்கூடச் செய்தான். மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போன லின்சி உள்ளே திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, வாசல்ல யாரு தண்ணி ஊத்துனது? படிவரைக்கும் நனைஞ்சு கெடக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். படிக்குக் கீழே குச்சி.

அந்தச் சனிக்கிழமையே கோயிலுக்கு ஓடினான். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான், அந்த மட்டும் பரவாயில்லை. சாமியார் வயதானவர். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்.

"எங்கிட்டச் சொன்னது சரிப்பா. அந்தம்மா வீட்டுக்குப் போயி, அவங்க முன்னாடி சொல்லணும். அதான் உனக்குப் பரிகாரம். செபமெல்லாம் அப்புறம்."

"போறேன் சாமி" என்றான். போனானா? போகவில்லை! போலீஸுக்குப் போவார்களோ, ஊர் கூடி அடிப்பார்களோ, லின்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டான். அதற்குப் பதிலாக ராத்திரி மூன்று தடவை செபமாலை சொன்னான். தண்ணீரை ஏமாற்றினான், சாமிதுரையை ஏமாற்றினான், சாமியாரையும் விட்டுவைக்கவில்லை.

அன்று ராத்திரி குச்சி உள்ளே வந்தது. தூளிக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில் நின்றது.

காலையில் அது இல்லை. ஆனால் சுவரில் கோடு விழுந்திருந்தது. வெள்ளம் வடிந்த வீட்டில் பார்த்திருப்பீர்கள், வண்டல் படிந்து நாலு சுவரிலும் ஒரே மட்டமாக ஓடும். அந்தக் கோடு கணுக்கால் உயரத்தில் இருந்தது. லின்சி ஓதம் ஏறுகிறது என்று துணியை நனைத்துத் துடைத்தாள். மறுநாள் கோடு முழங்காலில். அதற்கு மறுநாள் தொடையில். அவள் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தாள்.

ரெமிஜியஸ் ராத்திரியெல்லாம் தூங்காமல் பார்த்தான். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் ஏறும். ஒரு மணியானால் அறைக்குள் சளக் என்று தொடங்கும். பாத்திரத்தில் நீர் நிறையும்போது சத்தம் மாறுமே, அப்படி மாறிக்கொண்டே மேலே வரும். விளக்கைப் போட்டால் தரை காய்ந்திருக்கும். அணைத்தால் சத்தம். குழந்தை மட்டும் தூளிக்குள்ளிருந்து கீழே எதையோ பார்த்துச் சிரிக்கும்.

அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, தூளியைச் சுருக்கி மேலே தூக்கிக் கட்டினான்.

"என்ன பண்றீங்க? இவ்ளோ ஒசரத்துல கட்டுனா நான் எப்புடி எட்டிப் புள்ளயத் தூக்குறது?"

"இருக்கட்டும் லின்சி. கொஞ்ச நாளைக்கு..."

மறுநாள் கோடு இடுப்புக்கு மேலே. தூளியை இன்னும் ஒரு முழம் தூக்கினான். அதற்கு மறுநாள் கோடும் ஒரு முழம் ஏறியது. உத்தரத்துக்கும் தூளிக்கும் நடுவில் இனித் தூக்க இடமில்லை.

தை மாதம் பத்தாம் தேதி காலை. லின்சி போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. தூளியின் அடித்துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குழந்தையின் முதுகு சில்லென்றிருந்தது. பிஞ்சுக் குதிகாலில் வண்டல் ஒட்டியிருந்தது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து லின்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். தூங்கியதும், குச்சியைப் பிடுங்கியதும், வாடை அடித்தது என்று சொன்னதும். லின்சி குழந்தையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் அவன் சட்டையை எடுத்து அவன்மேல் வீசினாள்.

"எம் புள்ளய அடகு வச்சுட்டுச் செபமால சொன்னியா நீ? போ. அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வா. சொல்லாம இந்த வாசப்படிய மிதிக்காத."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

குடவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து போனான். பதினோரு மணி வெயில். அம்சம் வீட்டுக்கு எதிரே சாலையோரத்தில் நெல்லைக் காயவிட்டு, காலால் துழாவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். கால் நிற்கவில்லை.

"அக்கா... நான் ரெமிஜியஸு. கேம்ப்புல..."

"தெரியும். சொல்ல வந்தியா?"

அவன் சாலையில் மண்டியிட்டான். குச்சியைப் பற்றிச் சொன்னான். ஆறடியைப் பற்றிச் சொன்னான். அண்ணன்மேல் எந்த வாடையும் அடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றான். அம்சம் ஒரு வரி துழாவி முடித்து, திரும்பி அடுத்த வரி துழாவ ஆரம்பித்தாள்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள்.

"யாருக்கா சொன்னா?"

"அவருதான். ராத்திரி ஒரு மணிக்கு மேல வருவாரு. ஈர வேட்டியோட வாசல்லயே நிப்பாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டாரு. 'இன்னைக்கு வாசப்படி, அம்சம்'பாரு. 'இன்னைக்கு முழங்கால்'பாரு. நான் 'ம்'முன்னு சொல்லுவேன். போயிருவாரு."

அம்சம் குனிந்து நெல்லில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வயலில் எறிந்தாள்.

"நேத்து 'தூளி'ன்னாரு."

"நீங்க... நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"'ம்'முன்னுதான் சொன்னேன்."

அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எட்டு மாசக் கொழந்தைக்கா, அது என்ன பாவம் பண்ணுச்சு என்று கதறினான். அம்சம் காலை உதறிக்கொண்டாள்.

"எந்திரி. இந்தத் தெருவுல நாப்பது வீடு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லு."

சொன்னான். அவள் பின்னாலேயே வந்தாள். ஒரு வீட்டில் கிழவர் ஒருத்தர் காறித் துப்பினார். ஒரு வீட்டில் ஒருத்தன் அடிக்க ஓடிவந்தான்; அம்சம் கையைக் காட்டி நிறுத்தி, "அவன் சொல்லி முடிக்கட்டும்" என்றாள். முப்பதாவது வீட்டில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள், குடித்ததும் அடுத்த வீட்டைக் காட்டினாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வராத பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கடைசி வீடு முடிந்து அம்சம் வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது.

"ஒரு வருசமா இந்தத் தெருவுல தல குனிஞ்சு நடந்தேன்" என்றாள் அம்சம். "பச்சப் புள்ளமேல எனக்கென்ன கோவம்? அத விட்டுறச் சொல்றேன். நீ போ."

அவன் கும்பிட்டான். நாலு அடி நடந்தான். கேட்காமல் போயிருக்க வேண்டும். நின்று திரும்பினான்.

"அப்ப... எனக்கு, அக்கா?"

அம்சம் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உன்னப் பத்திக் கேட்டாருன்னா 'ம்'முன்னுதான் சொல்லுவேன்."

அன்று ராத்திரி வீட்டில் சத்தமே இல்லை. காலையில் சுவர் காய்ந்திருந்தது. லின்சி தூளியை இறக்கிப் பழைய உயரத்தில் கட்டினாள், கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தனுப்பினாள். ரெமிஜியஸ் குளிக்கப் போனான். காலில் சோப்புப் போடும்போதுதான் பார்த்தான். கணுக்காலைச் சுற்றி ஒரு கோடு... வண்டல் நிறத்தில், நாலு பக்கமும் ஒரே மட்டமாக. தேய்த்தான். பீர்க்கங்கூட்டைப் போட்டுத் தேய்த்தான். தோல் உரிந்ததே தவிரக் கோடு போகவில்லை. மறுநாள் அது ஒரு விரற்கடை மேலே இருந்தது.

தினமும் ஒரு விரற்கடை.

மாசி முடிவதற்குள் இடுப்பு. பங்குனி பிறந்து வயிறு, நெஞ்சு. போன வாரம் வேதநாயகம் போய்ப் பார்த்தான். இந்த வெயிலில் கழுத்துவரை பட்டன் போட்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம் ரெமிஜியஸ். ராத்திரி ஒரு மணியானால் ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொள்கிறானாம். தாடையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டு விடியும்வரை அப்படியே நிற்பானாம்.

லின்சி பொறுக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடவாசல் போயிருக்கிறாள். அம்சம் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாளாம். மடியில் போட்டுப் பால் ஆற்றிக் கொடுத்தாளாம். காலுக்குக் கொலுசு பெரிசாக இருக்கிறதே, கழன்று விழுந்துவிடப் போகிறது என்று நூலால் சுற்றிவிட்டாளாம். லின்சி அழ அழ, அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

இன்று சாயங்காலம் வேதநாயகம் போன் செய்தான். காலையில் கோடு கீழுதட்டுக்கு வந்துவிட்டதாம்.